ஒரு ரூபாயும் ஒன்றரை லட்சம் கோடியும்



தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ கந்துவட்டிக் கணக்கு பேசப்போகிறேன் என்று நினைத்து வந்தவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது. வட்டிக் கணக்கும் வரும். அதற்கு முன் அந்த ஒரு ரூபாயைச் சொல்லிவிடுகிறேன்.

2015 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது நாம் எல்லோரும் டிராய் என்று சொல்கிற அமைப்பு, ஒரு விதி கொண்டுவந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு தானாக அறுந்துபோனால் அழைத்தவரின் கணக்கில் நிறுவனம் ஒரு ரூபாய் வரவு வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று அழைப்புகளுக்கு மேல் கிடையாது. 2016 ஜனவரி 1 முதல் அமல். அவ்வளவுதான் விதி. மூன்று ரூபாய்க்கு மேல் யாருக்கும் எந்த நாளும் கிடைக்கப் போவதில்லை. ஆனால் நிறுவனங்கள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்றன. உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2016 மே 11 அன்று நீதிபதிகள் குரியன் ஜோசப், ரோஹின்டன் நாரிமன் அமர்வு அந்த விதியை ரத்து செய்தது.

தீர்ப்பின் தர்க்கத்தில் குறை காண்பது கடினம். மாதச் சராசரியில் 2 சதவீத அழைப்புகள் வரை அறுந்துபோகலாம் என்று டிராயின் சேவைத் தர விதியே அனுமதித்திருந்தது. அந்த அளவுக்குள் ஒழுங்காக நடக்கும் நிறுவனமும் அறுந்த ஒவ்வொரு அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டும் என்றால், ஒரே ஆணையம் ஒரு கையால் அனுமதித்ததை மறுகையால் தண்டிக்கிறது என்றுதானே பொருள்? அழைப்பு யாருடைய குறையால் அறுந்தது என்று பார்க்கவும் விதியில் இடமில்லை. விதிகளை வகுக்கும்போது ஆணையங்கள் மக்கள் கருத்தை வெளிப்படையாகக் கேட்டு, காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒரு பொதுச் சட்டம் கொண்டுவரலாமே என்றும் நீதிமன்றம் சொன்னது. நல்ல யோசனை. அந்தப் பொதுச் சட்டம் இன்னும் வரவில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியத் தொலைத்தொடர்பில் எத்தனையோ அபராதங்கள் உண்டு. பாதிக்கப்பட்டவரின் கைக்கு நேராக, அவர் மனுப் போடாமலே, உடனே போய்ச் சேரும்படி வடிவமைக்கப்பட்ட தண்டனை அபூர்வம். இது அப்படிப்பட்ட ஒன்று. அது விழுந்துவிட்டது. அதே உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய மூன்றரை ஆண்டு கழித்து, 2019 அக்டோபர் 24 அன்று வழங்கிய இன்னொரு தீர்ப்பில், நிறுவனங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி என்று முடிவான தொகை 1.47 லட்சம் கோடி ரூபாய். சந்தாதாரருக்கு ஒரு ரூபாய் நிற்கவில்லை, அரசுக்கு ஒன்றரை லட்சம் கோடி நின்றது. இரண்டு தீர்ப்புகளும் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். அப்படியானால் சட்டத்தின் அமைப்பில் எங்கோ கோளாறு இருக்கிறது என்பது என் வாதம்.

அமைப்பு எப்படி உருவானது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைப்பதும் நடத்துவதும் அரசின் தனியுரிமை என்றது. அரசு விரும்பினால் பிறருக்கு உரிமம் தரலாம். வெள்ளைக்காரன் தந்திக் கம்பிக்கு எழுதிய அந்த வரியின் மேல்தான் நூறு ஆண்டு கழித்து கைப்பேசி உரிமங்கள் எல்லாம் நின்றன. தொலைபேசி இணைப்பு தருவது அரசு, கட்டணம் நிர்ணயிப்பது அரசு, தப்பான பில் அனுப்புவது அரசு, அந்த பில் பற்றித் தகராறு வந்தால் தீர்த்துவைக்கும் நடுவரை நியமிப்பதும் அரசு. 7பி என்ற அந்தப் பிரிவைப் பிறகு மறுபடி சந்திப்போம். அதற்கு நீண்ட ஆயுள்.

1994இல் தனியார் உள்ளே வந்தார்கள். ஆட்டக்காரரும் நடுவரும் ஒருவராக இருக்க முடியாது என்பதால் 1997இல் டிராய் பிறந்தது. விதி போடுவதும் வழக்கு விசாரிப்பதும் முதலில் அதனிடமே இருந்தன. ஆனால் உரிமம் தரும் அரசைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 1998இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசும் தன்னை எதிர்த்துப் பேசும் ஆணையத்தை வெகுநாள் பொறுத்துக்கொள்ளவில்லை. 2000 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஆணையம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வழக்கு விசாரிக்கும் வேலை தனித் தீர்ப்பாயத்துக்குப் போனது. சுருக்கமாக அதை டிடிசாட் என்பார்கள். அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே, நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே, நிறுவனத்துக்கும் ஒரு நுகர்வோர் குழுவுக்கும் இடையே எழும் தகராறுகளை அது விசாரிக்கும். அங்கிருந்து மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு. 2004 முதல் கேபிள் டிவி, ஒளிபரப்புத் தகராறுகளும் அங்கேதான். நம் ஊர் கேபிள்காரர்கள் டெல்லிக்கு ரயில் ஏறுவது அதனால்தான்.

நுகர்வோர் குழு என்று சொன்னேன் அல்லவா? தனி ஒருவர் அங்கே போக முடியாது. அதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது தண்டிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். டிராய் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, ஆணையத்தின் உத்தரவை மீறினால் முதல் முறை 1 லட்சம் ரூபாய் வரை, மறுமுறை 2 லட்சம் வரை, மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 2 லட்சம் வரை அபராதம். ஆயிரக்கணக்கான கோடி வருவாய் உள்ள நிறுவனத்துக்கு இது காபிச் செலவு. அதையாவது ஆணையம் தானே போடலாமா என்றால் முடியாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுத்து, வழக்கு நடத்தி, தண்டனை வாங்க வேண்டும். இந்தச் சங்கடத்தைத் தாண்ட, சேவைத் தர விதிகளில் அபராதம் என்ற பெயர் இல்லாமல் ஒரு தொகை வசூலிக்கும் முறையை ஆணையம் ஏற்படுத்திக்கொண்டது. அவ்வப்போது நிறுவனங்கள் அதை எதிர்த்தும் வழக்குப் போடுகின்றன.

உண்மையான பிரம்பு இருப்பது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையின் கையில். உரிமம் என்பது அரசும் நிறுவனமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். மீறினால் ஒரு வட்டத்துக்கு, அதாவது உரிமம் தரப்படும் ஒரு சேவைப் பகுதிக்கு, 50 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதியிருக்கும். சந்தாதாரரின் அடையாளச் சான்றைச் சரியாக வாங்காமல் சிம் கொடுத்தால் ஒரு சிம்முக்கு ஆயிரம் ரூபாயில் தொடங்கி 50,000 வரை போகும். ஆக, குறையைக் கண்ணால் பார்ப்பது டிராய். அடிக்கும் அதிகாரம் துறைக்கு. அடித்தது சரியா என்று சொல்வது தீர்ப்பாயம். இந்த மூன்றுக்கும் இடையில் கோப்பு நடந்துபோகும் வேகத்தை ஒரு கதை சொல்லி விளக்குகிறேன்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் சேவையைத் தொடங்கியது. பேச்சு இலவசம். ஜியோ எண்ணிலிருந்து ஏர்டெல் எண்ணுக்கு ஒருவர் பேச வேண்டுமானால், இரு வலையமைப்புகளும் சந்திக்கும் இணைப்புமுனைகள் போதுமான அளவு இருக்க வேண்டும். அந்த முனைகளைத் தருவது பழைய நிறுவனங்களின் பொறுப்பு. ஆயிரம் அழைப்புகளில் ஐந்துக்கு மேல் இந்த முனைகளில் முட்டி நிற்கக் கூடாது என்பது விதி. அந்த மாதங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் நின்றன. உங்களில் பலர் அப்போது புது சிம்மைப் போட்டுப் பார்த்து, அழைப்பு போகவில்லை என்று தூக்கி வைத்திருப்பீர்கள். இலவசம் என்று அறிவித்து அழைப்புகளை வெள்ளமாகத் திருப்பிவிட்டால் நாங்கள் என்ன செய்வது, ஒப்பந்தப்படி எங்களுக்கு 90 நாள் அவகாசம் உண்டு என்று பழைய நிறுவனங்கள் கேட்டன. அதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் புதிதாக வருபவரை வாசலிலேயே நிறுத்திவைக்கும் நோக்கம் தெரிகிறது என்று டிராய் முடிவுசெய்தது.

2016 அக்டோபர் 21 அன்று, அதாவது ஏழே வாரத்தில், டிராய் தன் பரிந்துரையை எழுதிவிட்டது. வட்டத்துக்கு 50 கோடி வீதம் ஏர்டெலுக்கு 1,050 கோடி, வோடஃபோனுக்கு 1,050 கோடி, ஐடியாவுக்கு 950 கோடி. உரிமத்தையே ரத்து செய்யலாம், ஆனால் அது சந்தாதாரர்களைப் பாதிக்கும் என்பதால் அபராதத்தோடு விடுகிறோம் என்றும் எழுதியது. ஆணையம் இவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதற்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அது பரிந்துரைதான். துறையின் உயர்மட்டக் குழு அதை ஏற்றுக்கொண்டது 2019 ஜூலையில். நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது 2021 செப்டம்பரில். ஐந்தாண்டு ஓடிவிட்டது. வோடஃபோனும் ஐடியாவும் 2018லேயே இணைந்து ஒரே நிறுவனமாகி, கடனில் மூழ்கிக்கொண்டிருந்தன. வாசலில் நிறுத்தப்பட்ட ஜியோவோ அதற்குள் நாட்டின் முதல் நிறுவனம். நோட்டீஸ் வந்ததும் இரு நிறுவனங்களும் தீர்ப்பாயத்தின் படியேறின.

இதற்கிடையே ஜியோ போட்டி ஆணையத்திடமும் முறையிட்டிருந்தது. மூவரும் கூட்டுச் சேர்ந்து எங்களை நசுக்குகிறார்கள் என்று. போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் தடுத்தது. முதலில் டிராய் தன் துறை சார்ந்த உண்மைகளை முடிவுசெய்யட்டும், அதன் பிறகு போட்டி ஆணையம் வரட்டும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரிசை வகுத்தது. யார் முதலில் விசாரிப்பது என்று தீர்மானிக்கவே ஒன்றரை ஆண்டுக்கு மேல்! அந்த நாட்களில் அழைப்பு போகாமல் தவித்தவருக்கு இந்த எந்த அறையிலும் நாற்காலி கிடையாது.

துறையின் பிரம்பு எப்போதும் சரியான முதுகில்தான் விழுகிறது என்றும் சொல்ல முடியாது. 2010 ஏலத்தில் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் நாடு முழுக்க 3ஜி அலைக்கற்றை கிடைக்கவில்லை. ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் ஒருவர் வட்டத்தில் மற்றவர் சந்தாதாரருக்குச் சேவை தருவதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அது உரிம மீறல் என்று மூவருக்குமாகச் சேர்த்து 1,200 கோடி அபராதம் போட்டது துறை. 2014 ஏப்ரலில் தீர்ப்பாயம் அதை ஒரேயடியாக ரத்து செய்தது. அபராதம் போடுபவரே ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாகவும் இருந்தால், தனக்குச் சாதகமாகத்தான் ஷரத்தைப் படிப்பார். மனித இயல்பு.

இனி வட்டிக் கணக்கு.

முதலில் வந்த தனியார் நிறுவனங்கள் ஏலத்தில் போட்டி போட்டுக்கொண்டு, ஆண்டுக்கு இவ்வளவு தருகிறோம் என்று பெரிய தொகைகளை ஒப்புக்கொண்டன. அழைப்பு போனாலும் காசு, வந்தாலும் காசு என்றிருந்த காலம். எதிர்பார்த்த அளவு சந்தாதாரர்கள் வரவில்லை, ஒப்புக்கொண்டதைக் கட்ட முடியவில்லை. 1999இல் அரசு இரங்கி வந்தது. நிலையான தொகை வேண்டாம், வருவாயில் ஒரு பங்கு கொடுங்கள் என்றது. இப்போது அந்தப் பங்கு 8 சதவீதம். எந்த வருவாயில்? அங்கேதான் வினை. தொலைபேசிச் சேவையில் வந்த வருவாய் மட்டும் என்றன நிறுவனங்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு வரும் வட்டி, பங்கு ஈவு, கட்டட வாடகை, சொத்து விற்ற லாபம் எல்லாம் சேரும், உரிமத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றது துறை. ஏஜிஆர் (சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய்) வழக்கு என்று செய்தித்தாள்களில் நீங்கள் படித்தது இதுதான்.

2003 வாக்கில் தகராறு தீர்ப்பாயத்துக்கு வந்தது. 2006, 2007இல் தீர்ப்பாயம் பெரும்பாலும் நிறுவனங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உரிமத்தின் ஷரத்து செல்லுமா என்று பார்க்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மறுபடி தீர்ப்பாயம், 2015இல் மறுபடி நிறுவனங்களுக்குப் பெருமளவு சாதகம். மறுபடி உச்ச நீதிமன்றம். 2019இல் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு, துறை சொன்னதே சரி என்று முடித்துவைத்தது. ஒரு வாக்கியத்தின் பொருள் என்ன என்று தீர்மானிக்கப் பதினாறு ஆண்டு. அந்தப் பதினாறு ஆண்டும் மாதாமாதம் கூட்டுவட்டி ஓடிக்கொண்டிருந்தது.

உரிமக் கட்டணப் பாக்கியாக மட்டும் அரசு காட்டிய கணக்கு 92,642 கோடி ரூபாய். அதைப் பிரித்துப் பாருங்கள். அசல் 23,189 கோடி. வட்டி 41,650 கோடி. அபராதம் 10,923 கோடி. அந்த அபராதத்துக்கு வட்டி 16,878 கோடி. அசல் கால் பங்குதான். அபராதத்தைவிட அபராதத்தின் வட்டி பெரிது. வட்டி குட்டி போட்டது என்று நம் ஊரில் சொல்வதை இவ்வளவு பெரிய எழுத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதனோடு அலைக்கற்றைப் பயன்பாட்டுக் கட்டணப் பாக்கி 55,000 கோடியும் சேர்ந்துதான் அந்த 1.47 லட்சம் கோடி.

நிறுவனங்களுக்காக உங்களைக் கண்ணீர் விடச் சொல்லவில்லை. ஷரத்து தெரிந்தேதான் 1999இல் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சலுகையால்தான் பிழைத்தார்கள். தகராறுள்ள தொகையை எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே கட்டியிருக்கலாம். ஜெயித்தால் திரும்ப வந்திருக்கும். கட்டாமல் வழக்கை நம்பிச் சூதாடினார்கள். ஆனால் துறை என்ன செய்தது? வாக்கியத்தைத் தெளிவாகத் திருத்தி எழுத அதற்கு இருபது ஆண்டு இருந்தது. தீர்ப்பு வந்த பிறகு அதே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, தொலைத்தொடர்பு உரிமம் வாங்கியிருந்த கெயில் என்ற எரிவாயு நிறுவனத்திடம் 1.72 லட்சம் கோடி கேட்டது! எரிவாயு விற்ற பணத்தில் பங்கு. இது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் கண்டித்த பிறகுதான் துறை பின்வாங்கியது.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரியில், பணம் வசூலிக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று துறையின் பிரிவு அதிகாரி ஒருவர் கடிதம் எழுதியதைக் கண்டு நீதிமன்றம் கொதித்தது. நாட்டில் சட்டம் இருக்கிறதா என்று கேட்டது. செப்டம்பரில் அதே நீதிமன்றம் பத்தாண்டுத் தவணை கொடுத்தது. 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை நான்கு ஆண்டு ஓய்வு கொடுத்தது. தொலைத்தொடர்பு அல்லாத வருவாயை இனிமேல் கணக்கிலிருந்து நீக்கியது. அதாவது நிறுவனங்கள் ஆரம்பத்தில் கேட்டது கிடைத்துவிட்டது, வருங்காலத்துக்கு மட்டும். கட்ட முடியாத வட்டியையும் அலைக்கற்றைப் பாக்கியையும் வோடஃபோன் ஐடியா பங்குகளாக மாற்றிக் கொடுத்தது. 2023இல் 33 சதவீதம், 2025 ஏப்ரலில் ஏறக்குறைய 49 சதவீதம் அரசின் கைக்கு வந்தது. தண்டித்தவர் தண்டிக்கப்பட்டவரின் மிகப் பெரிய பங்குதாரர் ஆகிவிட்டார். இன்று பிஎஸ்என்எல் முழுக்க அரசுடையது, வோடஃபோன் ஐடியாவில் பாதி அரசுடையது, உரிமம் தருவது அரசு, அலைக்கற்றையை விற்பது அரசு, அபராதம் போடுவதும் அரசு. 1997இல் எந்தச் சிக்கலை அவிழ்க்க டிராயை உண்டாக்கினோமோ, அந்தச் சிக்கல் வேறு வழியாக வீடு திரும்பிவிட்டது.

இந்தச் செலவு யார் தலையில்? தீர்ப்பு வந்த இரண்டாவது மாதம், 2019 டிசம்பரில், மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பெரிய தண்டனைக்குத் தமிழ்நாடு கண்ட இன்னொரு எல்லையும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் மாநிலம் முழுக்கச் செத்துப்போனது. கடை வாசல்களில் கூட்டம். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் வழியில்லை, ஏனென்றால் மாற்றுக் குறியீடு வாங்க அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தியே போகவில்லை. ஆட்டோக்காரர், மீன் வியாபாரி, வங்கிக் கணக்கில் அந்த எண்ணைக் கொடுத்திருந்த ஓய்வூதியர் எல்லோரும் தவித்தார்கள். மாத இறுதியில் நிறுவனம் மும்பையில் திவால் மனுப் போட்டது. திவாலானவருக்கு 50 கோடி அபராதம் என்று ஷரத்து இருந்து என்ன பயன்? சந்தாதாரர் கட்டிய முன்பணம் தனிக் கணக்கில் இருந்திருந்தால் பயன் இருந்திருக்கும்.

இனி தனி மனிதரைப் பற்றிப் பேசுகிறேன். தந்திச் சட்டத்தின் 7பி பிரிவை மறுபடி சந்திப்போம் என்றேன். தொலைபேசி பில் தகராறுக்கு அரசு நியமிக்கும் நடுவர்தான் வழி, நுகர்வோர் மன்றம் தலையிட முடியாது என்று கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவை யோசியுங்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது. தீர்ப்பாயம் குழுவாக வந்தால்தான் கேட்கும். நுகர்வோர் மன்றமும் கதவைச் சாத்தியது. நடுவரை யார் நியமிப்பார், எப்போது என்று யாருக்கும் தெரியாது. பத்துக் கோடிக் கணக்கில் சந்தாதாரர்கள் உள்ள நாட்டில் தனி மனிதருக்கு வாசலே இல்லை.

இதை உடைத்தது ஓர் அகமதாபாத்வாசியின் பில். மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டிவந்தவருக்கு 2013 இறுதியில் ஒரு மாதத்துக்கு 24,609 ரூபாய் பில் வந்தது. 22,000 ரூபாய் இழப்பீடு கேட்டு 2014இல் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். பில் சரியா தப்பா என்ற கேள்விக்கே வோடஃபோன் வரவில்லை. 2009 தீர்ப்பைக் காட்டி, இந்த மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று மாநில ஆணையம், தேசிய ஆணையம், உச்ச நீதிமன்றம் வரை போராடியது. 22,000 ரூபாய்க்காக! நான் மதிக்கும் வழக்காளி அந்த அகமதாபாத்வாசிதான். 2022 பிப்ரவரி 16 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, தந்திச் சட்டத்தின் நடுவர் முறை நுகர்வோர் மன்றத்தைத் தடுக்காது, வாடிக்கையாளர் விரும்பும் வழியில் போகலாம் என்றது. கதவு திறந்தது, அவருடைய பில் வழக்கு எட்டு ஆண்டுக்குப் பிறகு தொடக்கத்துக்குத் திரும்பியது.

2023 டிசம்பரில் 1885 சட்டத்துக்கு மாற்றாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. பகுதி பகுதியாக நடைமுறைக்கு வருகிறது. அதில் நல்லதும் உண்டு. மீறல்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். மிகக் கடுமையானதற்கு 5 கோடி வரை, பெரியதற்கு 1 கோடி, நடுத்தரத்துக்கு 10 லட்சம், சிறியதற்கு 1 லட்சம், அதற்கும் கீழே எழுத்துமூல எச்சரிக்கை. எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள், வேண்டுமென்றே செய்ததா, திரும்பத் திரும்ப நடந்ததா என்றெல்லாம் பார்த்துத்தான் தொகையை முடிவுசெய்ய வேண்டும். தானே முன்வந்து தவறை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளவும் இடம் இருக்கிறது. 50 கோடியை 5 கோடியாகக் குறைத்துவிட்டார்களே என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வசூலாகாத 50 கோடியைவிட வசூலாகும் 5 கோடி மேல். என் வருத்தம் வேறு. முதலில் விசாரிக்கும் அதிகாரி இணைச் செயலர் நிலையில் உள்ள அரசு அலுவலர். மேல்முறையீட்டுக் குழுவும் அரசு அலுவலர்களே. அதற்குப் பிறகுதான் தீர்ப்பாயம். போட்டியாளர்களில் இருவரின் உடைமையாளர் வீட்டு அதிகாரி, மற்றவர்களின் தவறை விசாரிக்கிறார். அவர் நேர்மையாகவே நடந்தாலும் தோற்றவர் நம்பமாட்டார். நம்பாதவர் வழக்குப் போடுவார். பழைய கதை தொடரும்.

அபராதம் போடுபவரே நீதிபதியாக இருக்கலாமா என்ற கேள்வி நம்மோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் சந்தாதாரர்களின் இருப்பிடத் தகவலை விற்றதற்காகப் பெரிய நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில் அந்நாட்டு ஆணையம் ஏறக்குறைய 20 கோடி டாலர் அபராதம் போட்டது. ஜூரி முன் விசாரிக்கப்படும் உரிமையை ஆணையம் பறித்துவிட்டது என்று ஏடி அண்ட் டியின் 5.7 கோடி டாலரை ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தது. வெரிசான் வழக்கில் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அபராதம் செல்லும் என்றது. அங்கேயும் முடிச்சு எளிதில் அவிழவில்லை.

புதுச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் சிம் வைத்திருந்தால் தனி மனிதருக்கு முதல் முறை 50,000 ரூபாய் வரை, மறுமுறை 2 லட்சம் வரை அபராதம். நிறுவனத்தின் சிறிய மீறலுக்கோ உச்சம் 1 லட்சம். எழுதியவர்கள் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை போலும்.

என்ன செய்யலாம்? எனக்கு நம்பிக்கை தருவது ஒரு சிறிய விதி. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய சேவைத் தர விதிகளில் ஒரு ஷரத்து இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றுபோனால், மாதப் பில் கட்டுபவருக்கு அந்த நாட்களின் வாடகையைக் கழிக்க வேண்டும். முன்பணம் கட்டியவருக்குச் செல்லுபடியாகும் காலத்தை நீட்டித்துத் தர வேண்டும். இயற்கைப் பேரிடருக்கு விலக்கு உண்டு. தொகை மிகச் சிறியது. ஆனால் கேட்காமலே வருகிறது, பாதிக்கப்பட்டவருக்கே வருகிறது, எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. 2016இல் விழுந்த ஒரு ரூபாய், நீதிமன்றம் சுட்டிய குறைகள் இல்லாமல், இந்த வடிவில் எழுந்திருக்கிறது என்றே நான் பார்க்கிறேன். இதை விரிவாக்க வேண்டும். மாவட்டத்தை வட்டாரம் ஆக்குங்கள், 24 மணியை 12 ஆக்குங்கள். தனிநபர் புகாருக்கு வங்கித் துறையில் இருப்பதுபோல ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்று டிராய் 2004இலும் 2017இலும் பரிந்துரைத்தது; இருபது ஆண்டாகக் கிடப்பில் இருக்கிற அந்தக் கோப்பை எடுங்கள். விசாரணை அதிகாரியைத் துறைக்கு வெளியே கொண்டுபோங்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது இதுதான். குறை ஏற்பட்டால் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே இல்லை. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் சேவைகளின் பட்டியலில் தொலைத்தொடர்பு என்றே எழுதியிருக்கிறது. அதிகாரமில்லை என்று இனி யாரும் வாதாட முடியாது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், இணையத்திலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். சேவைக்காக நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.